புளியம்பழமும் ஓடும்: கண்ணாடி மணியின் துளை குறித்துச் சில குறிப்புகள்

மணி என்றவுடன் நம் நினைவுக்கு வருவது நிறமும் ஒளியுமே. ஆயினும் நூலில் கோக்க இயலாத மணி, மணியாகாது. வெறும் கண்ணாடி உருண்டையாகவே எஞ்சும். கோப்பதற்கு வேண்டிய அந்தச் சிறு வெற்றிடத்தை வாங்குபவர் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. கண்ணாடி மணி செய்யத் தொடங்கிய இந்தச் சில ஆண்டுகளில் நாங்கள் இருவரும் மிகுதியாகப் பேசியதும், சில சமயம் குரல் உயர்த்தியதும் அந்த வெற்றிடத்தைக் குறித்துத்தான். நிறச் சேர்க்கையில் எங்களுக்குள் பெரிய வேற்றுமை எழுந்ததில்லை. துளையை உண்டாக்கித் தரும் ஒரு களிமண் பூச்சு எங்களைப் பல நாள் இரு கட்சிகளாக்கியது. அப்பூச்சைப் பற்றியதே இக்கட்டுரை. இலக்கியம் பேச வந்த இடத்தில் களிமண்ணா என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் சற்றுப் பொறுத்தருள்க.

செய்முறையை முதலில் சொல்லிவிடுவது நல்லது. மேசைமீது பொருத்திய ஒரு டார்ச்சில் எரிவாயுவும் ஆக்சிஜனும் கலந்து எரிகின்றன. ஒரு கையில் பென்சில் பருமனுள்ள கண்ணாடிக் கோல். மறு கையில் மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பி. கோலின் நுனி உருகித் தேன்போல் இளகும்போது, சுழன்றுகொண்டிருக்கும் கம்பியின்மேல் அதைச் சுற்ற வேண்டும். இளகிய கண்ணாடி தானாகவே உருண்டையாக முனையும். கம்பியை நில்லாமல் சுழற்றிக்கொண்டிருப்பது மட்டுமே நம் பொறுப்பு. பிறகு புள்ளிகள், கோடுகள், பூக்கள். எல்லாம் முடிந்தபின் கம்பியோடு சேர்த்து மின்சூளையில் வைத்து, இத்தாலிய மென்கண்ணாடியாக இருந்தால் 510 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் சிறிது நேரம் நிறுத்தி, பிறகு சில மணி நேரம் மெல்ல ஆறவிட வேண்டும். மறுநாள் கம்பியை உருவினால், கம்பி இருந்த இடம் துளையாகிவிடும். முற்காலத்தில் எண்ணெய் விளக்கின் சுடரை ஊதிப் பெருக்கி இவ்வேலையைச் செய்தார்கள். 'லாம்ப்வொர்க்' என்ற பெயர் அந்த விளக்கின் நினைவாக நிற்கிறது.

உருவினால் என்று எளிதாக எழுதிவிட்டோம். வெறும் எஃகின்மேல் உருகிய கண்ணாடியைச் சுற்றினால் அது உருவி வராது. எஃகின் மேற்பரப்பில் உள்ள ஆக்சைடைக் கண்ணாடி தனக்குள் கரைத்துக்கொண்டு உலோகத்தைக் கெட்டியாகப் பற்றிக்கொள்ளும். பழைய மருத்துவமனைகளில் கண்ட எனாமல் கிண்ணங்களை நினைத்துப் பார்த்தால் விளங்கும். இரும்பின்மேல் நிரந்தரமாக ஒட்டவைத்த கண்ணாடிதான் எனாமல். அங்கே வேண்டிய ஒட்டு இங்கே வேண்டாத ஒட்டு. ஆகவே கண்ணாடிக்கும் எஃகுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் அதனை 'பீட் ரிலீஸ்' என்கிறார்கள். நாங்கள் எங்களுக்குள் 'விடுபூச்சு' என்று சொல்லிப் பழகிவிட்டோம். இதைவிட நல்ல சொல் யாரிடமேனும் இருந்தால் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வோம்.

விடுபூச்சின் கடமையை விளக்கத் தமிழில் ஆயத்தமாக ஓர் உவமை இருக்கிறது. பற்றற்று வாழ்பவரைப் புளியம்பழமும் ஓடும் போல என்பார்கள். காயாக இருக்கும்போது ஓட்டைச் சுரண்டினாலும் சதையோடு பிரியாது. பழுத்துக் காயக் காயச் சதை சுருங்கி, உள்ளே ஓர் இடைவெளி விழுந்து, விரலால் அழுத்தினாலே ஓடு நொறுங்கிவிடும். மணி விடுபடுவதும் இப்படித்தான். சூடேறினால் விரிந்து ஆறினால் சுருங்கும் இயல்பு ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அளவில் இருக்கிறது. ஒரு டிகிரி மாற்றத்துக்கு மென்கண்ணாடி தன் நீளத்தில் கோடியில் 104 பங்கு மாறும். துருப்பிடிக்காத எஃகு ஏறக்குறைய 170 பங்கு மாறும். ஆறும்போது கண்ணாடியைவிடக் கம்பி கூடுதலாகச் சுருங்குகிறது. அதாவது மணியின் பிடியிலிருந்து உள்ளுக்குள் விலகுகிறது. 2.4 மில்லிமீட்டர் கம்பிக்கு 500 டிகிரியிலிருந்து அறைச்சூடு வரை கணக்கிட்டுப் பார்த்தோம். கிடைக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. அந்த மயிரிழைக்கும் குறைந்த விலகலைப் பயன்படுத்திக்கொண்டு நொறுங்கிக் கொடுப்பதே விடுபூச்சின் வேலை. எரியும்போது பற்றியிருக்க வேண்டும். ஆறியபின் விட்டுவிட வேண்டும்.

*

துளை என்னும் சிக்கலை மனிதர்கள் வேறு வழிகளிலும் தீர்த்திருக்கிறார்கள். நம் புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேடு அதற்கு முதன்மையான சான்று. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அந்த ஊரில் கிடைத்த சிறு கண்ணாடி மணிகளுள் மிகப்பல கம்பியில் சுற்றியவை அல்ல, இழுத்தவை. உருகிய கண்ணாடித் திரளின் நடுவே குழிவை உண்டாக்கி, அத்திரளை நீண்ட குழலாக இழுத்து, குழலைத் துண்டு துண்டாக நறுக்கினார்கள். திரளில் இருந்த குழிவு குழலின் நீளம் முழுவதும் மெல்லிய துளையாகத் தொடர்ந்து வந்துவிடும். ஒட்டாமல் இருக்கப் பூச வேண்டியதே இல்லை. இதே முறை ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் உயிரோடு இருந்ததை மணி ஆய்வாளர் பீட்டர் ஃபிரான்சிஸ் பதிவு செய்திருக்கிறார். நறுக்கிய துண்டுகளின் கூர்முனையை மழுக்க, அவற்றைச் சாம்பலோடு சேர்த்து மீண்டும் சூடாக்குவார்கள். ஒன்றோடொன்று ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அங்கே சாம்பலுக்கு.

கானா நாட்டின் குரோபோ மக்கள் கண்ணாடியைப் பொடித்து, மண் அச்சுக் குழிகளில் நிரப்பிச் சுடுகிறார்கள். அச்சில் ஒட்டாதிருக்க வெள்ளைக் களிமண் கரைசலைப் பூசுகிறார்கள். துளைக்காக ஒவ்வொரு குழியின் நடுவிலும் மரவள்ளி இலைக்காம்பு ஒன்றை நிறுத்துகிறார்கள். சூளையில் காம்பு எரிந்து மறைய, அது நின்ற இடம் துளையாகிறது. வெனிஸ் நகரத்தின் கைவினைஞர்கள் கையாண்ட முறைகளுள் ஒன்று இதற்கு நேர் எதிரானது. செப்புக் கம்பியில் மணியைச் சுற்றி, பிறகு நைட்ரிக் அமிலத்தில் இட்டுச் செம்பையே கரைத்துவிடுவது. பளபளக்கும் சுத்தமான துளை கிடைக்கும். ஆனால் செம்பு கரையும்போது எழும் செம்பழுப்புப் புகை நுரையீரலுக்கு நஞ்சு. கண்ணாடி மணிக் கலையை இத்தாலி, பிரான்சு இரண்டின் பொது மரபாக யுனெஸ்கோ 2020-இல் தன் பட்டியலில் சேர்த்தது. மரபு என்று போற்றும்போது அந்தப் புகையையும் யாரோ முகர்ந்தார்கள் என்பது நினைவில் இருக்க வேண்டும்.

இழுப்பது, எரிப்பது, கரைப்பது என்ற இவற்றின் பக்கத்தில், களிமண் பூசிய கம்பி எளிமையானது. வீட்டு மேசையிலேயே செய்துகொள்ளத் தக்கது. அதனால்தான் இன்று தனித்தனியே அமர்ந்து மணி செய்வோரில் பெரும்பாலோர் இதையே கைக்கொள்கிறார்கள்.

*

விடுபூச்சில் அடிப்படையாக இருப்பவை இரண்டு பொருள்கள். ஒன்று வெள்ளைக் களிமண்ணாகிய கயோலின். சீனத்தில் பீங்கானுக்குப் பெயர்பெற்ற ஜிங்தெஜென் நகருக்கு அருகிலுள்ள ஒரு குன்றூரின் பெயரால் அது அவ்வாறு அழைக்கப்படுகிறது. மற்றொன்று அலுமினா ஹைட்ரேட். களிமண் கம்பியைப் பற்றிக்கொள்ளும். அலுமினா எதையும் பற்றாது. 2000 டிகிரிக்குக் கீழே அது உருகுவதுமில்லை. ஆகவே களிமண்ணின் பங்கு கூடினால் பூச்சு வலுவாகும், உருவுவது கடினமாகும். அலுமினாவின் பங்கு கூடினால் மணி எளிதில் கழன்றுவரும், ஆனால் சுடரிலேயே பூச்சு உடைந்துவிடும் ஆபத்தும் கூடும். வழுக்குவதற்காகச் சிலர் கிராஃபைட்டையும் சேர்ப்பார்கள். துளையின் உட்சுவரில் கரிய சாயல் தங்கக்கூடும் என்பதால் நிறமற்ற கண்ணாடிக்கு அது உகந்ததன்று. கடைகளில் பல பெயர்களில், பல நிறங்களில் விற்கும் கலவைகளை எல்லாம் இந்தத் துலாக்கோலில் எங்காவது ஓரிடத்தில் வைத்துவிடலாம். சரிபாதியாகக் கலந்து வீட்டிலேயே தயாரிப்பவர்களும் உண்டு.

இனி எந்த மணிக்கு எது என்ற கேள்வி. மிளகளவு, பட்டாணியளவு உள்ள சிறு மணிகளுக்கு மென்மையான பூச்சே போதும். சில நிமிடங்களில் முடிந்துவிடும் வேலை அது. பித்தளை அச்சுக்குள் வைத்து அழுத்தித் தட்டையாக்கும் மணி, ஒருமணி நேரம் சுடரில் நின்று பூவும் இலையும் வளர்க்கும் மணி, இரண்டு தட்டுகளை எழுப்பி விளிம்பைச் சேர்த்து ஊதியதுபோல் ஆக்கும் உள்ளீடற்ற மணி ஆகியவை கம்பியின்மேல் பக்கவாட்டிலும் முறுக்கியும் விசை கொடுக்கும். அங்கே வலுவான பூச்சு வேண்டும். நடுவழியில் பூச்சு உடைந்தால் மணி கம்பியில் தனியே சுழலத் தொடங்கிவிடும். கையின் கட்டளை கண்ணாடிக்குப் போய்ச் சேராது. நீண்ட குழல்வடிவ மணிதான் இரண்டு பக்கமும் இடிபடுவது. செய்யும்போது வலு வேண்டும். ஆனால் கம்பியோடு தொடும் பரப்பு மிகுதியாதலால் வலுவான பூச்சில் உருவவும் வராது. போரோசிலிக்கேட் என்னும் வன்கண்ணாடியோடு வேலை செய்வோர் கூடுதல் சூடு தாங்கும் பூச்சைத் தேட வேண்டியிருக்கும்.

பூசும் முறைக்கு வருவோம். கம்பிகளை நாங்கள் வெல்டிங் பொருள் விற்கும் கடையில் வாங்குகிறோம். துருப்பிடிக்காத எஃகுக்கான டிக் வெல்டிங் கம்பி 1.6, 2.4, 3.2 மில்லிமீட்டர் தடிமனில் கிடைக்கும். ஒரு சாண் அல்லது சற்றுக் கூடுதலாக வெட்டிக்கொள்ளலாம். வெட்டிய முனையை அரத்தால் மழுக்குவது அவசியம். பிசிறு ஒன்று இருந்தால்கூட மணி அதைத் தாண்டி வராது. பிறகு உப்புத்தாளால் தேய்த்துச் சோப்பு நீரில் கழுவ வேண்டும். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் களிமண் பிடிக்காது.

கலவையின் பதம் எல்லாவற்றிலும் முக்கியம். ஷாம்பு பதம் என்று சொல்லலாம். நம் வீட்டு அளவில் சொன்னால், தோசை மாவைவிட இளகல், மோரைவிடக் கெட்டி. நீர்த்துப்போனால் பூச்சின் ஊடே எஃகு எட்டிப்பார்க்கும். கெட்டியானால் காயும்போது வெடிக்கும். குப்பியைக் குலுக்கக் கூடாது, காற்றுக் குமிழிகள் ஏறிவிடும். அடியில் தங்கியதைக் குச்சியால் நிதானமாகக் கிளறிவிட வேண்டும். கம்பியை நேராக நான்கு விரற்கடை அமிழ்த்தி நேராகத் தூக்கி, மணல் நிரப்பிய டப்பாவில் பூசாத முனையை ஊன்றி நிறுத்திக் காயவிடுவது எங்கள் வழக்கம். சில கலவைகளைச் சுடரிலேயே காயவைக்கலாம். சிலவற்றை இரவு முழுவதும் காற்றில் ஆறவிட்டே தீர வேண்டும். ஐப்பசி மழையில் இரவு ஒன்று போதாது. ஈரம் மீந்திருக்கும் பூச்சு சுடரில் பட்டதும் நீராவி பொங்கிச் செதிலாகப் பெயர்ந்துவிடும். காய்ந்த பூச்சையும் எடுத்த எடுப்பில் நெருப்பில் நீட்டாமல், சுடரின் தொலைமுனையில் காட்டிக் காட்டி உள்ளே கொண்டுவர வேண்டும். கம்பி செந்தணல் நிறம் கொண்டபின் கண்ணாடியை வைத்தால்தான் களிமண் அதைப் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூச்சு முடியும் எல்லையைத் தாண்டிக் கண்ணாடி வழிந்தால், அந்த மணி அந்தக் கம்பிக்கே சொந்தம். மணியின் இரு முனைகளும் உள்வாங்கிக் குழிந்திருக்க வேண்டும். மெலிந்து கூராக நீண்ட முனை பூச்சையும் கவ்விக்கொள்ளும், பின்னால் நூலையும் அறுக்கும்.

*

இதுவரை சொன்னதெல்லாம் சுடரின் முன் அமர்பவரின் கதை. எங்களில் ஒருவர் சுடரில் அமர, மற்றவர் மறுநாள் மணியை உருவித் துளையைச் சுத்தம் செய்வது என்று தொடக்கத்தில் வேலையைப் பகிர்ந்துகொண்டிருந்தோம். சுடரில் இருப்பவருக்கு வலுவான பூச்சுதான் பிடிக்கும். ஒருமணி நேர உழைப்பை உடைய விடாமல் காப்பது அதுவே. அந்த வலுவுக்கு மறுநாள் விலை கொடுப்பவர் வேறொருவர். கம்பியைக் குறட்டில் பிடித்து, மணியை ரப்பர்த் துணியால் பற்றி முறுக்கி, வராதபோது மீண்டும் ஊறவைத்து, வந்தபின் துளைக்குள் கல்லாக இறுகிய களிமண்ணை வைரத்தூள் பதித்த அரத்தால் சுரண்டி எடுப்பது மணிக்கட்டை வாட்டும் வேலை. சுத்தமான துளையை மணி செய்வோர் நல்ல மணியின் இலக்கணங்களுள் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். நிறமற்ற மணியில் மீந்த களிமண் அழுக்குப்போல் தெரியும். ஆகவே ஒருவர் மென்பூச்சுக் கட்சி, மற்றவர் வன்பூச்சுக் கட்சி. இரு தரப்பிலும் நியாயம் இருந்தது; அதனால் வாதம் முடியவில்லை.

மணிக்கட்டோடு போகும் விஷயமாக இருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டோம். காய்ந்த பூச்சைச் சுரண்டினால் எழுவது கண்ணுக்குத் தெரியாத நுண்தூள். கயோலினோடு இயற்கையாகவே குவார்ட்ஸ் கலந்திருப்பதுண்டு. சுவாசத்தில் செல்லும் படிக சிலிக்காத் தூளைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் வரிசையில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இல் வைத்தது. அதே தூள் உண்டாக்கும் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய்க்கு மருந்தில்லை. மணிக்கும் இந்நோய்க்கும் உள்ள உறவைக் குஜராத்தின் கம்பாத்தில் காணலாம். அகேட் கல்லை அரைத்து மெருகேற்றி மணியாக்கும் அவ்வூரில், கல்தூளைச் சுவாசித்து நுரையீரல் இறுகி மாண்ட தொழிலாளர்களைப் பற்றி மருத்துவ ஆய்வுகள் பல உண்டு. அரைக்கும் இடமும் குடியிருக்கும் இடமும் அடுத்தடுத்து இருப்பதால், அரைக்காதவர்களையும் அத்தூள் விடவில்லை. களிமண் பூச்சின் தூளும் கம்பாத்தின் கல்தூளும் அளவில் ஒன்றல்ல என்பதை அறிவோம். இருப்பினும் நுரையீரல் இரண்டையும் ஒரே வழியில்தான் வாங்கிக்கொள்கிறது.

தீர்வு எளியது, தண்ணீர். உருவுவதற்குமுன் கம்பியோடு மணியை ஊறவைப்பது, அரத்தை நீருக்கு அடியிலேயே இயக்குவது, கம்பியில் மீந்த பூச்சையும் நனைத்தே துடைப்பது. கழுவிய நீரைத் தொட்டியில் தெளியவிட்டு, அடியில் தங்கும் சேற்றைத் தனியே எடுத்துக் கட்டிப் போடுகிறோம். சாக்கடையில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். பொடியாக வாங்கிக் கலக்கும்போது முகக்கவசம் கட்டாயம். நீரில் செய்தால் நேரம் கூடும். அவ்வளவுதான் இழப்பு.

அந்த நேரத்துக்கு யார் விலை கொடுப்பது என்ற கேள்வி சென்ற ஆண்டு எங்கள் வாசலுக்கே வந்தது. வணிகர் ஒருவர் ஆயிரக்கணக்கில் சிறு மணிகள் கேட்டார். நீங்கள் சுடரில் செய்து குவியுங்கள், உருவித் துளை குடையும் வேலையை அக்கம்பக்கத்துப் பெண்களிடம் எண்ணிக்கைக்கு இவ்வளவு என்று கொடுத்துவிடலாம் என்பது அவர் யோசனை. எண்ணிக்கைக்குக் கூலி என்றால் யாரும் ஊறவைத்துக்கொண்டு காத்திருக்க மாட்டார்கள். அடுக்களைத் தரையில் உட்கார்ந்து, பிள்ளைகள் அருகில் விளையாட, உலர்ந்தபடியே குடைவார்கள். நீரில்தான் செய்ய வேண்டும், கூலி நேரத்துக்குத்தான் என்றோம். கணக்கு ஒத்துவராது என்று அவர் போய்விட்டார். அந்தப் பணம் எங்களுக்கும் வேண்டியிருந்தது; பழைய சூளை அப்போது பாதி நாள் வேலை நிறுத்தம் செய்துகொண்டிருந்தது.

எங்களுக்கு மணி கோத்துத் தரும் அக்கா ஒருவர் செய்தி கேள்விப்பட்டு வந்தார். "வேண்டாம்னு சொல்ல உங்களால முடியுது தம்பி. எனக்கு அது ரெண்டு மாச வாடகை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே பதில் சொல்ல முடியவில்லை. கம்பாத்தைப் பற்றி நாங்கள் படித்ததெல்லாம் அவருடைய வாடகையைக் கட்டாது. பிறகு மெல்ல ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். சிறு மணிகளுக்கு இனி மென்பூச்சுதான். வாரத்தில் இரண்டு நாள் அவர் எங்கள் மாடியில், தண்ணீர்த் தொட்டியின் முன் அமர்ந்து, நேரக் கூலிக்கு உருவித் தருகிறார். வணிகர் தந்திருக்கக்கூடிய தொகையில் அது சிறு பகுதியே. அவருக்கும் அது தெரியும், எங்களுக்கும் தெரியும். அந்த ஆயிரக்கணக்கான மணிகளை வேறு ஏதோ ஓர் ஊரில் யாரோ உலர்த்தியே குடைந்திருக்கக்கூடும் என்பதும் தெரியும்.

எங்கள் இருவருக்குள் ஒரு விதி செய்துகொண்டோம். வன்பூச்சைத் தொடுபவர், மறுநாள் அந்த மணியைத் தாமே உருவ வேண்டும். விதி வந்தபின் வாதம் தானாகவே ஓய்ந்துவிட்டது. வன்பூச்சுக் குப்பி இப்போது பெரிய மணிகளுக்கென்று அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை இறங்கினால் அதிகம். சுடரில் அமர்ந்தவரே தொட்டியிலும் கையை விடும்போது பூச்சின் பதம் எங்கே நிற்க வேண்டும் என்பதை மணிக்கட்டே சொல்லிவிடுகிறது. புதிதாகத் தொடங்கும் நண்பர்கள் எந்தப் பூச்சை வாங்குவது என்று கேட்டால், முதல் இருபது மணிகளை நீங்களே உருவிப் பாருங்கள், பிறகு வாங்குங்கள் என்கிறோம்.